தாத்தாவின் துப்பாக்கியில் இருந்த புலி

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் வாசகி ஒருவர் ஐந்து பக்கக் கடிதமும் பதினொரு புகைப்படங்களும் அனுப்பியிருந்தார். பெயரையும் குடும்பத்தை அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வாசகிக்கு வயது 52. தந்தை இவ்வாண்டு தொடக்கத்தில் காலமானார். அவர் வாழ்ந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்தபோது, பொருள் வைக்கும் அறையின் மேல்தட்டில் ஒரு நீண்ட மரப்பெட்டி இருந்திருக்கிறது. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய பழைய துப்பாக்கி ஒன்று. கூடவே ஒரு துணிப்பையில், இரும்புப் பட்டையில் கோத்த ஐந்து தோட்டாக்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் தந்தையின் கையெழுத்தில் ஒரு சீட்டு: "அப்பாவுடையது. நேதாஜி படை. புலி முத்திரை பார்க்க."

தாத்தா மலாயாவில் தோட்டத் தொழிலாளியாக இருந்து, போருக்குப் பிறகு சிங்கப்பூருக்கு வந்து, செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1989இல் இறந்துபோனார். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் என்பது குடும்பத்தில் தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்ததாம். "போரில் பட்டது" என்று வாசகியின் தந்தை சொல்வாராம்.

வாசகியின் தம்பி, வயது 44, இணையத்தில் தேடிவிட்டு, நேதாஜி படையின் துப்பாக்கி என்றால் 40,000 வெள்ளிக்குக் குறையாது என்கிறார். வெளிநாட்டில் வாங்குவதற்கு ஆள் பார்க்கலாம், முடியாவிட்டால் ஜொகூருக்குக் கொண்டுபோய்விடலாம் என்பது அவர் யோசனை. "இப்போது இது துப்பாக்கியே இல்லை, வெறும் இரும்பு" என்று சொல்லி, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகமான போல்ட்டைக் கழற்றித் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். வாசகியின் கேள்விகள் நான்கு: இது உண்மையில் எந்தத் துப்பாக்கி? இதன் மதிப்பு என்ன? எங்களிடமே வைத்துக்கொள்ள முடியுமா? அப்பாவின் பெயருக்குக் களங்கம் வருமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு என் கைக்கு வந்தது. அன்றிரவே தனியாக உங்களுக்கு எழுதியதை மற்ற வாசகர்களுக்காக இங்கே மறுபடி சொல்கிறேன்: பெட்டியைத் தொடாதீர்கள், அறையைப் பூட்டுங்கள், உடனே 999ஐ அழைத்து விவரம் சொல்லுங்கள், தம்பியும் போல்ட்டைத் தொடாமல் தன் வீட்டிலிருந்து அதையே செய்யட்டும். நீங்கள் அன்றிரவே அழைத்தீர்கள். தம்பி மறுநாள் காலை அழைத்தார். இரண்டும் இப்போது காவல்துறையின் கையில் இருக்கின்றன என்பதால்தான் இதை வெளிப்படையாக எழுத முடிகிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பத்தி உங்களுக்கான வழக்கறிஞர் ஆகிவிடாது. நீங்களும் தம்பியும் தனித்தனியே ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு விரிவான வாக்குமூலம் கொடுப்பது நல்லது. கட்டணம் சிரமம் என்றால் புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் இலவச சட்ட ஆலோசனையை நாடலாம்.

நீங்கள் முதலில் கேட்டது துப்பாக்கியைப் பற்றி. நான் அதற்கு முன் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், துப்பாக்கிக்கு வந்துவிடுவேன். அதில் எனக்கும் நிறையச் சொல்ல இருக்கிறது.

சட்டம் எதைத் துப்பாக்கி என்கிறது

சிங்கப்பூரின் ஆயுதக் குற்றங்கள் சட்டம் 1973ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உரிமம் இல்லாமல் ஒரு துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதற்கு அச்சட்டம் விதிக்கும் சிறை குறைந்தது 5 ஆண்டு, அதிகம் 10 ஆண்டு. அத்துடன் குறைந்தது 6 பிரம்படி. பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது. உங்கள் தம்பி அந்த விலக்குக்குள் வருகிறவர் அல்லர். இவை குறைந்தபட்சத் தண்டனைகள் என்பதைக் கவனியுங்கள். குற்றம் உறுதியான பின் நீதிபதி இரக்கப்பட்டாலும் ஐந்து ஆண்டுக்குக் கீழே இறங்க வழியில்லை.

தம்பி போல்ட்டைக் கழற்றியது உங்கள் கடிதத்திலேயே என்னைத் தூக்கம் இழக்கச் செய்த இடம். போல்ட் இல்லாமல் சுட முடியாது என்பது சரிதான். ஆனால் அச்சட்டம் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் துப்பாக்கியின் பாகங்களும் அடக்கம். ஒரு வீட்டில் இருந்த ஓர் ஆயுதத்தை அவர் இரண்டு வீடுகளுக்குப் பங்கிட்டார், அவ்வளவுதான். துணிப்பையில் இருந்த ஐந்து தோட்டாக்கள் மட்டும் தனியாகக் கிடைத்திருந்தாலும் அதே பிரிவுதான். துரு ஏறியிருந்தது, நூறாண்டுப் பழையது, சுட முடியாது என்பதெல்லாம் பின்னால் ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எடுத்துவைக்கக்கூடிய வாதங்கள். அவற்றை நம்பி வீட்டில் இன்னும் ஓர் இரவு வைத்திருக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

விற்கும் யோசனை இதைவிட ஆபத்தானது. உரிமம் இல்லாமல் ஆயுதத்தை இறக்குமதி செய்வதும் வாணிகம் செய்வதும் அச்சட்டத்தின் பார்வையில் ஆயுதக் கடத்தல். அதற்குத் தண்டனை மரணம், அல்லது ஆயுள் சிறையுடன் பிரம்படி. ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று எண்ணுவோருக்கு ஒரு தகவல்: மலேசியாவின் 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கித் தண்டனைச் சட்டம், சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு மட்டுமே 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கிறது. தம்பி கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். தாத்தாவின் சொத்து நியாயமான விலைக்குப் போக வேண்டும் என்ற ஆசைதான். அந்த ஆசை அவரை எந்த வாசல் வரை கொண்டுபோயிருக்கும் என்பதை அவர் அறிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

இனி உங்கள் நிலை. தெரியாமல் ஒரு பொருள் வீட்டில் இருந்தால், பொதுவாக அது சட்டத்தின் கண்ணில் 'வைத்திருப்பது' ஆகாது. பெட்டியைத் திறந்து, என்ன என்று தெரிந்த நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. நீங்கள் சனிக்கிழமை மாலை திறந்தீர்கள், ஞாயிறு இரவு அழைத்தீர்கள். அந்த ஒரு நாள் தாமதத்தை மறைக்க வேண்டாம். பயந்துபோனீர்கள், யாரைக் கேட்பது என்று தெரியவில்லை, எனக்கு எழுதினீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். குற்றம் சாட்டுவதா இல்லையா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அரசாங்க வழக்கறிஞருக்கு உண்டு. தானாக முன்வந்து ஒப்படைத்தது அங்கே உங்களுக்குச் சாதகமாகவே பேசும். தம்பி பாகத்தைக் கழற்றி எடுத்துச் சென்றவர் என்பதால் அவருக்கு வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும்.

அப்பாவைப் பற்றிய உங்கள் பயத்துக்குச் சுருக்கமான பதில்: இறந்தவர் மீது குற்ற வழக்கு தொடுக்கப்படுவதில்லை.

புகைப்படங்கள் சொல்வது

தேசிய சேவையில் நான் இருந்தது 'ஆர்ம்ஸ்கோட்' எனப்படும் ஆயுதக் கிடங்கில். 'கோட்' என்ற அந்தச் சொல்லே பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து நம் படைக்கு வந்துசேர்ந்தது. அங்கே தொற்றிய பழக்கம், முத்திரைகளைப் படிப்பது. எந்தப் பழைய துப்பாக்கியைப் பார்த்தாலும் அதன் இரும்பில் என்ன பொறித்திருக்கிறது என்றுதான் கண் முதலில் போகும். வழக்கறிஞர் தொழிலிலும் அதே வேலைதான்: சாட்சி என்ன சொல்கிறார் என்பதற்கு முன், ஆவணம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது.

உங்கள் முதல் படத்தில் துப்பாக்கியின் முனை தெரிகிறது. குழல் வெளியே நீட்டிக்கொண்டிராமல், மூக்கு அறுபட்டதுபோல மழுங்கிய உலோகத் தொப்பிக்குள் முடிகிறது. நீளம் நீங்கள் அளந்தபடி 113 சென்டிமீட்டர். கீழே பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டி. இது பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் சிப்பாய்களின் தோளில் தொங்கிய லீ-என்ஃபீல்டு, மூன்றாம் வகை. இதில் சந்தேகம் இல்லை. இந்த அளவில் பார்த்தால் உங்கள் குடும்பக் கதை பொருந்தவும் செய்கிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தபோது பிரிட்டிஷ் படையிடமிருந்து பிடிபட்ட இத்தகைய துப்பாக்கிகள்தான் பின்னர் இந்திய தேசிய ராணுவத்துக்கும் கிடைத்தன.

நான்காவது படத்துக்கு வருவோம். அடிக்கட்டை சேரும் இடத்தில், வலப்பக்க உலோகப் பட்டையில் 'பி.எஸ்.ஏ. கோ.' என்றும் 1920 என்றும் இருக்கிறது. பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனம். மலாயாவில் வளர்ந்த பெரியவர்களுக்கு இந்தப் பெயர் சைக்கிளாகத்தான் நினைவில் இருக்கும். அந்தச் சைக்கிள்களின் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். ஆனால் 1920 என்ற ஆண்டு என்னை நிறுத்தியது. முதல் உலகப் போர் 1918இல் முடிந்துவிட்டது. பிரிட்டனிடம் அப்போது தேவைக்கு அதிகமாகத் துப்பாக்கிகள் குவிந்து கிடந்தன. போர் முடிந்த பிறகு இது யாருக்காகச் செய்யப்பட்டது?

விடை ஏழாவது படத்தில் இருக்கிறது. அதை எடுக்கும்போது உங்கள் கை நடுங்கியிருக்க வேண்டும், ஓரம் மங்கலாக இருக்கிறது. பரவாயில்லை, நடுப்பகுதி தெளிவு. குழலின் அடிப்பகுதி போய்ச் சேரும் உலோக வளையத்தின் மேல் ஒரு புலித் தலை. தலை மட்டும்தான், உடல் இல்லை. அதற்குக் கீழே ஒரு வரி எழுத்து. "அப்பா அதை இந்தி அல்லது வங்காளம் என்பார்" என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்திக்கும் வங்காளத்துக்கும் எழுத்துகளின் தலைமேல் ஒரு கோடு ஓடும், துணிக்கொடியில் ஈரத்துணி தொங்குவதுபோல. இங்கே கோடு இல்லை. பெரும்பாலான எழுத்துகள் ஒரு சிறிய வளையத்தில் தொடங்கி, பிறகு நீள்கின்றன. அது தாய் எழுத்து. அந்த வரி 'கோங் சுவா பா'. பொருள்: காட்டுப் புலிப் படை.

சயாமின் அரசர் ஆறாம் ராமா, வஜிராவுத் என்பது அவர் பெயர், 1910இல் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே அரசு அதிகாரிகளையும் குடிமக்களையும் கொண்டு 'சுவா பா' என்ற தன்னார்வப் படை ஒன்றைத் தொடங்கினார். அதே 1911இல் சிறுவர்களுக்காகச் சாரணர் இயக்கத்தையும் தொடங்கினார். தாய்லாந்தில் சாரணர்களுக்கு இன்றும் 'புலிக்குட்டி' என்றுதான் பெயர். சயாமின் வழக்கமான படைக்கு மௌசர் வகைத் துப்பாக்கிகள் இருந்தன, அவற்றில் சக்கர முத்திரை இருக்கும். காட்டுப் புலிப் படைக்கென்று அரசர் பர்மிங்ஹாமில் லீ-என்ஃபீல்டு வாங்க ஏற்பாடு செய்தார். இடையில் உலகப் போர் வந்துவிட்டது, தொழிற்சாலைக்குச் சொந்த நாட்டின் தேவையே பெரிதாகிப்போனது. போர் முடிந்த பிறகு, 1920 வாக்கில்தான் சரக்கு சயாம் போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ 10,000 என்பது சேகரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. அரசர் 1925இல் மறைந்தார், படையும் அவரோடு ஒடுங்கிவிட்டது. துப்பாக்கிகள் சயாமில் தங்கின.

ஆகவே, சகோதரி, உங்கள் அப்பா சீட்டில் எழுதிய புலி நேதாஜியின் புலி அல்ல. அவர் ஏன் அப்படி நினைத்தார் என்பது நன்றாகவே புரிகிறது. ஆசாத் ஹிந்த் சின்னங்களில் பாயும் புலி உண்டு. 1943 ஜூலை 5 அன்று நம் பாடாங் திடலில் நேதாஜி படைக்கு முன் நின்றதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையின் பிள்ளை அவர். துப்பாக்கியில் ஒரு புலியைப் பார்த்தால் அந்தத் தலைமுறைக்கு வேறு எந்தப் புலி நினைவுக்கு வரும்? ஆனால் அந்தப் புலி முழு உடலோடு பாய்வது. உங்கள் துப்பாக்கியில் இருப்பது சயாம் அரசரின் புலி. நேதாஜி தமது இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே அது இரும்பில் பொறிக்கப்பட்டுவிட்டது.

தாத்தா எங்கே இருந்தார்

இங்கேதான் உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்துக்கு நான் பலமுறை திரும்பிப் போனேன். தாத்தா பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணக் கற்றுக்கொடுப்பார், அதுவும் தமிழில் இல்லை, "நுங், சோங், சாம் என்று ஏதோ சீனத்தில்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சீனம் அல்ல. தாய் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று.

மலாயாத் தோட்டத்தில் இருந்த ஒரு தமிழர் போர்க்காலத்தில் தாய் மொழியில் எண்ணக் கற்கும் இடம் எது என்பதை ஊகிக்க நமக்குச் சிரமம் இல்லை. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாத் வரை 415 கிலோமீட்டருக்கு ஜப்பானியர்கள் போட்ட ரயில்பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேச நாடுகளின் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் அங்கே மாண்டார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன, பெயர்கள் இருக்கின்றன. அவர்களைவிடப் பன்மடங்கு இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். என் அம்மாவின் தாய்மாமன் அவர்களில் ஒருவர். மூன்று மாத வேலை என்று சொல்லி லாரியில் ஏற்றினார்களாம். திரும்பி வரவில்லை. அதனால் உங்கள் கடிதத்தின் அந்த வரியை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

கணுக்காலுக்கு மேல் இருந்த தழும்பையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். ரயில்பாதை முகாம்களில் காட்டுப்புண் என்ற ஒன்று பலரின் கால்களைத் தின்றது. மூங்கில் கீறிய சிறு காயம், சத்தில்லாத உடம்பில் எலும்பு வரை அழுகும். உயிர் பிழைத்தவர்களின் கால்களில் உள்ளங்கை அகலத் தழும்புகளை விட்டுப்போனது. துப்பாக்கிக் குண்டு அந்த அகலத்துக்குத் தழும்பு விடுவது அரிது.

இது நிரூபணம் ஆகாது. முத்திரை ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்கிறது: இந்தத் துப்பாக்கி சயாமுக்காகச் செய்யப்பட்டது. தாத்தா கைக்கு அது எப்படி வந்தது, 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பின் கைமாறியதா, பின்னர் எல்லைப் பகுதியில் வாங்கியதா என்பதை இரும்பு சொல்லாது. அவர் சயாமிலிருந்து திரும்பிய பிறகு நேதாஜி படையில் சேர்ந்திருக்கவும்கூடும். மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஒரு கதைக்கு இடம் கொடுக்க இன்னொன்றை விரட்ட வேண்டியதில்லை.

"ஒப்படைக்காமல் ஏன் இத்தனை ஆண்டு ஒளித்துவைத்தார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 1948இல் மலாயாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்குத் தண்டனை என்ற விதி வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் கையில் ஒரு துப்பாக்கி இருக்கும் ஏழைத் தொழிலாளி, அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போவாரா? ஒருமுறை ஒளித்துவைத்தது, ஒவ்வோர் ஆண்டும் வெளியே எடுக்கக் கடினமாகிக்கொண்டே போயிருக்கும். பிறகு அந்தப் பாரம் மகன் தலையில் இறங்கியது. இது என் ஊகம்தான், ஆனாலும் அவர்கள் இருவரையும் குற்றவாளிகளாக என்னால் பார்க்க முடியவில்லை.

மதிப்பு என்ன

தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அவருக்கு மனக்குறை இருக்கும். பழைய துப்பாக்கியின் விலையைச் சேகரிப்பாளர்கள் தீர்மானிப்பது வயதை வைத்து அல்ல. லீ-என்ஃபீல்டு குடும்பத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் செய்யப்பட்டிருக்கின்றன. வெறும் பழமைக்கு அங்கே பெரிய விலை இல்லை. அவர்கள் பார்ப்பது வேறு. குழல், போல்ட், முனைத் தொப்பி, குறிபார்க்கும் தகடு ஆகியவற்றில் பொறித்த எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா? முத்திரை தேயாமல் இருக்கிறதா? மரக்கட்டை முதலில் போட்டதா, பின்னால் மாற்றியதா? யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதற்கு எழுத்து ஆதாரம் உண்டா? உங்கள் படங்களில் குழலின் எண்ணும் போல்ட்டின் எண்ணும் ஒன்றே. புலி முத்திரை கூர்மையாக இருக்கிறது. காட்டுப் புலித் துப்பாக்கி சாதாரண லீ-என்ஃபீல்டைவிட அரிது, தேடி வாங்குவோர் உண்டு. தனியார் துப்பாக்கி வாங்குவதைச் சட்டம் அனுமதிக்கும் அமெரிக்கா போன்ற இடத்தில் அது சில ஆயிரம் டாலருக்குள் அடங்கும். தம்பி சொன்ன 40,000 எங்குமே இல்லை. அந்த அளவு விலை போவது, புகழ்பெற்ற ஒருவர் கையில் இருந்தது என்று ஆவணத்தால் உறுதியானவற்றுக்குத்தான். பெட்டி மூடியில் ஒட்டிய சீட்டு அப்படிப்பட்ட ஆவணம் ஆகாது.

சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் குடும்பத்துக்கு இதன் சந்தை மதிப்பு ஒரு காசும் இல்லை. சட்டப்படி நீங்கள் அதை விற்க முடியாது. வாரிசுரிமையாகவும் கைக்கு வராது. உயில் இருந்தாலும் உரிமம் இல்லாமல் ஆயுதம் கைமாற முடியாது. ஒரே வரியில் இதைக் கேட்கத் தம்பிக்குக் கசக்கும். ஆனால் அவர் கையில் இருந்து போனது 40,000 வெள்ளி என்று இனி வருந்த வேண்டாம்.

இப்போது செய்யக்கூடியவை

திரும்பப் பெற்று வீட்டில் வைக்க முடியுமா என்ற கேள்விக்கு, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிம முறையை இன்னும் இறுக்கியிருக்கிறது. ஒரு குடும்பத்தின் பாசம் உரிமத்துக்குக் காரணமாக ஏற்கப்படும் என்று நம்பி ஆண்டுகளைச் செலவிடாதீர்கள்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதைத் தள்ளிப்போடக் கூடாது. விசாரணை முடிந்ததும் இத்தகைய பொருள்கள் அழிக்கப்பட்டுவிடலாம். அதற்கு முன் உங்கள் வழக்கறிஞர் வழியாக விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: நாங்கள் உரிமை கோரவில்லை, இது சயாமின் காட்டுப் புலிப் படைக்காகச் செய்யப்பட்ட அரிய துப்பாக்கி, செயலிழக்கச் செய்து, தகுதியான ஓர் அரும்பொருளகத்துக்கு வழங்க முடியுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறோம். ஒரு பக்கம் போதும். அதே கடிதத்தின் நகலை இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் தேசிய அரும்பொருளகத்துக்கும் அனுப்பலாம். ஏற்பார்கள் என்று உறுதி கூற முடியாது. கேட்காமல் விட்டால் உருக்கு உலையில்தான் போய் முடியக்கூடும்.

தோட்டாக்களைப் பற்றி ஒரு வார்த்தை, மற்ற வாசகர்களுக்காக. போர்க்காலப் பொருள் எதைக் கண்டாலும் காவல் நிலையத்துக்குக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் கட்டுமானத் தளத்தில் கிடைத்த 100 கிலோ குண்டுக்காக 4,000க்கும் மேற்பட்டோரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். எண்பது ஆண்டு மண்ணில் கிடந்த வெடிமருந்து செத்துவிட்டது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இருந்த இடத்தில் விட்டுவிட்டு அழையுங்கள், அவர்கள் வருவார்கள்.

புகைப்படங்களை அழித்துவிடாதீர்கள். அவற்றின் பிரதியை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டு, நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் மட்டும் போட வேண்டாம், விசாரணை முடியும் வரையாவது. அப்பாவின் சீட்டும் உங்களிடமே இருக்கிறது என்றால், அதிகாரிகளிடம் தெரிவித்து அவர்கள் கேட்டால் கொடுங்கள். கேட்காவிட்டால் பத்திரப்படுத்துங்கள். புலியைப் பற்றி அவர் எழுதியது தவறுதான். ஆனாலும் அடையாளம் காணத் தேவையான இடத்தை அவர்தான் நமக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

கடைசியாக, அத்தை. அப்பாவின் அக்காவுக்கு 86 வயது, நினைவு நன்றாக இருக்கிறது, உட்லண்ட்ஸில் மகளோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், தாத்தா போனபோது அவருக்கு மூன்று வயது இருக்கும், திரும்பியபோது ஐந்தோ ஆறோ. இந்த வாரமே போய்ப் பாருங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் இத்தகைய நினைவுகளைப் பதிவு செய்கிறது, அவர்களுக்கும் எழுதுங்கள். ஆனால் முதலில் நீங்கள் தனியாகப் போங்கள். துப்பாக்கியைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள், அவர் பயந்துவிடுவார். நேதாஜியைப் பற்றியும் கேட்காதீர்கள், குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் பதிலையே அவரும் சொல்லிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து, விரலை மடக்கி, நுங், சோங், சாம் என்று எண்ணத் தொடங்குங்கள். அடுத்த எண்ணை அவர் சொல்கிறாரா என்று பாருங்கள்.